17 வருஷக் காரின் ஹெட்லைட்: வெளிச்சம் எங்கே போனது?

2024 தைப்பூசத்துக்கு மூன்று நாள் முன்னால், திண்டுக்கல்லில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து அப்பாவும் அம்மாவும் பழனிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இரவு பத்து மணி இருக்கும். ஒட்டன்சத்திரம் தாண்டியதும், மார்க்கெட்டுக்குப் போகும் லாரிகள் எதிரே வரிசையாக வந்தன. அப்பா டிம்மில்தான் வந்துகொண்டிருந்தார், வேகமும் அறுபதைத் தாண்டவில்லை. ஒரு லாரி கடந்த அடுத்த நொடி, வண்டிக்கு நேர் முன்னால், சாலையின் இடது ஓரத்தில் பாதயாத்திரைக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு பேர், பச்சை வேட்டி, தோளில் பை. கடைசியில் நடந்துகொண்டிருந்தவரின் பையில் போலீஸ் ஒட்டியிருந்த ஒளிரும் ஸ்டிக்கர்தான் முதலில் கண்ணில் பட்டது, ஆள் அப்புறம்தான் தெரிந்தார். பிரேக்கை மிதித்த வேகத்தில் பின் சீட்டிலிருந்த தாம்பூலப் பைத் தேங்காய் உருண்டு வந்து அம்மா காலில் இடித்தது. வண்டி நின்றபோது அந்தக் கடைசி ஆளுக்கும் பம்பருக்கும் நடுவே மூன்றடி இருந்ததாக அம்மா சொன்னாள்.

மறுநாள் காலை அப்பா சாவியை என் கையில் கொடுத்துவிட்டார். "இனிமே ராத்திரி நான் வண்டி எடுக்கல தம்பி. கண்ணு போச்சு."

அப்பாவுக்கு அப்போது வயது 69. இரண்டு வருஷம் முன்னால் இடது கண்ணில் புரை அறுவை செய்திருந்தார். அதனால் வீட்டில் எல்லாரும், நான் உட்பட, அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டோம். சரி, ஒரு முறை காட்டிவிடலாம் என்று மதுரையில் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கண்ணாடி போட்டு தூரப் பார்வையைச் சோதித்தார், விழித்திரையைப் பார்த்தார், கண் அழுத்தம் பார்த்தார். வயதுக்குத் தகுந்த மாற்றம் இருக்கிறது, அதற்கு மேல் குறை எதுவும் இல்லை என்றார். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் இந்த ஆய்வின் தொடக்கம். "உங்க வண்டி ஹெட்லைட் எப்படி இருக்கு?"

அன்று இரவு அதே காரை நான் ஓட்டிப் பார்த்தேன். எனக்கு வயது 38, கண்ணாடி கிடையாது. எனக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வருஷமாக அப்பா "முன்னாடி மாதிரி ரோடு தெரியல" என்று சொல்லச் சொல்ல, வயசாகிவிட்டது என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்கு இன்னும் மனதில் உறுத்துகிறது.

வண்டி 2007 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1,10,000 கிலோமீட்டர் ஓடியது. வீட்டில் ஷெட் கிடையாது. மேற்குப் பார்த்த வாசலில், சாயங்கால வெயில் முழுக்க முகப்பில் விழும்படிதான் பதினேழு வருஷமும் நின்றது. அந்தக் காலத்து சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றைப் போல இதற்கும் ஹெச்-4 என்ற வகை ஹாலஜன் பல்பு. ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு இழை, 60/55 வாட். விளக்கின் முகப்பு கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். எந்தக் கம்பெனி வண்டியானாலும் இந்த வயதில், இந்த வெயிலில் நின்றால் ஏறக்குறைய இதே கதைதான், அதனால் பெயர் தேவையில்லை.

இதற்கு முன் இரண்டு முறை "வைத்தியம்" பார்த்திருந்தோம். 2019-ல் ஒரு கடையில் 100/90 வாட் பல்பு போட்டுவிட்டார்கள். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தது. நாலு மாதத்தில் வலது பக்க ஹோல்டர் உருகி, பல்பின் கால்களோடு ஒட்டிக்கொண்டு, கட்டிங் பிளேயர் வைத்து உடைத்துத்தான் எடுக்க முடிந்தது. 2022-ல் எல்இடி பல்பு, ஜோடி 3,500 ரூபாய். வாசலில் நிறுத்திப் பார்த்தால் பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். சாலையில் போனால் எதிரே வருகிறவர்கள் எல்லாரும் பிரைட் அடித்துத் திட்டினார்கள், நமக்கோ முப்பதடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. அதையும் கழற்றிவிட்டு, பழையபடி சாதாரண பல்புக்கு வந்திருந்தோம். இரண்டு முறையும் யாரும், நானும்தான், ஒரு அளவைகூட எடுத்துப் பார்க்கவில்லை.

இந்த முறை அளந்துவிட்டுத்தான் கை வைப்பது என்று முடிவு செய்தேன். நான் படித்தது எலக்ட்ரிக்கல் டிப்ளமோ, மீட்டர் பிடிக்கத் தெரியும்.

முதல் அளவு, எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது. உறவினர் ஒருவரின் அரிசி ஆலைக்குப் போகும் நேர்ப் பாதையில் ஐந்து மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டோம். அமாவாசையை ஒட்டிய இரவு. என் மச்சான் கருநீலச் சட்டையும் கருப்பு லுங்கியும் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்து வண்டியை நோக்கி நடந்து வந்தான். அப்பா ஓட்டுநர் சீட்டில். ஆள் தெரிந்ததும் குரல் கொடுக்க வேண்டும். டிம்மில் அவர் "தெரியுது" என்றபோது மச்சான் 31 மீட்டரில் நின்றான். மூன்று முறை செய்தோம், ஒரு மீட்டர் இப்படி அப்படித்தான் வித்தியாசம்.

31 மீட்டர் என்றால் என்ன அர்த்தம்? மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 16.7 மீட்டர். பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நன்றாகப் பிரேக் பிடித்தால் நிற்க இன்னும் 23 மீட்டர். ஆக 48 மீட்டர் வேண்டும். 80-ல் போனால் 74. எங்களுக்கு இருந்ததோ 31. அந்தத் தூரத்துக்குள் நிற்க வேண்டுமானால் 44 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவே கூடாது. அதுவும் ஆள் வருகிறான் என்று தெரிந்து காத்திருந்து பார்த்த தூரம் இது. எதிர்பாராமல் எதிர்ப்படுகிற ஆளை அதைவிடப் பக்கத்தில்தான் பார்ப்போம். அன்றைக்கு அந்த மூன்றடி எப்படி மிஞ்சியது என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அடுத்தது மின்சாரம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏற்கெனவே ஒரு பட்டறையில் பல்பின் பிளக்கைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்து, "பன்னிரண்டரை வோல்ட் வருது, ஒயரிங் ஓகே" என்று சொல்லியிருந்தார்கள். பிளக்கைக் கழற்றினால் கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாவிட்டால் ஒயர் எவ்வளவு கெட்டிருந்தாலும் முழு வோல்ட்டும் காட்டும். ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துப் பிடித்தால் அழுத்தம் நன்றாகத்தான் இருக்கும். விரலை எடுத்த பிறகு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. ஆகவே பல்பு மாட்டியபடி, லைட் எரிந்துகொண்டிருக்கும்போது, பிளக்கின் பின்பக்கத்திலிருந்து ஊசி முனையை நுழைத்து அளக்க வேண்டும்.

இன்ஜினைக் கொஞ்சம் ரேஸ் கொடுத்து, அதே வேகத்தில் ஓடவிட்டேன். பேட்டரி முனையில் 14.1 வோல்ட். நல்ல அளவு, அதாவது ஆல்டர்னேட்டரில் குறையில்லை. இடது பல்பின் இரண்டு கால்களுக்கு நடுவே 12.0. வலதில் 12.2. இரண்டு வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. எங்கே? மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவ் காலிலும் வைத்தால் 1.4 வோல்ட். அதே மாதிரி பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் காலுக்கும் (கரண்ட் வண்டியின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பக்கம்) நடுவே இடதில் 0.7, வலதில் 0.5. எர்த் பக்கம் இவ்வளவு போகும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில் வெளிச்சம் வோல்ட்டுக்கு நேர் விகிதத்தில் போவதில்லை, ஏறக்குறைய வோல்ட்டின் 3.4-ஆம் அடுக்கில் போகிறது, அதாவது வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் நிறையக் குறையும். ஹெச்-4 பல்பின் டிம் இழைக்கு விதிப்படி 13.2 வோல்ட்டில் 1,000 லூமென் (பல்பு தரும் வெளிச்சத்தின் அளவு), பிரைட்டுக்கு 1,650. 12.0 வோல்ட்டில் அந்த ஆயிரம் 720 சொச்சமாக இறங்கிவிடும். 13.7 கிடைத்தால் 1,130-ஐத் தாண்டும். அதாவது அதே பல்பு, அதே வாட், ஒயரிங்கை மட்டும் சரிசெய்தால் ஒன்றரை மடங்குக்கும் கூடுதலான வெளிச்சம். 100/90 பல்பு போட்டு ஹோல்டரை உருக்கியதற்கு பதில் இதைச் செய்திருக்கலாம். அந்தப் பெரிய பல்பு, கெட்டுப்போன ஒயரில் இன்னும் அதிகக் கரண்ட்டை இழுத்து, இன்னும் அதிக வோல்ட்டை வழியிலேயே சூடாக்கித் தின்றது, அவ்வளவுதான்.

எர்த்தை முதலில் பார்த்தோம். பழனியில் முப்பது வருஷமாக ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் உடன் இருந்தார். பேட்டரி ட்ரேயைத் தூக்கிவிட்டு, அடியில் பாடியில் முறுக்கியிருந்த எர்த் போல்ட்டைப் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினார். லக்குக்கு, அதாவது ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையத்துக்கு, அடியில் பச்சைப் பவுடர். விரலால் தொட்டால் விபூதி மாதிரி ஒட்டியது. பாடியில் லக் உட்கார்ந்த இடத்தில் துரு வட்டம். ஒயரின் தோலை ஒரு இன்ச் சீவினார், செம்பு கருத்திருந்தது. இன்னும் ஒரு இன்ச், அதுவும் கருப்பு. மூன்றாவது இன்ச்சில்தான் பளபளவென்று செம்பு வந்தது. "பேட்டரி ஆசிட் ஆவி ஒயருக்குள்ளயே ஏறியிருக்கு தம்பி. லக்கை மட்டும் சுரண்டி மாட்டியிருந்தா ஆறு மாசம்தான்" என்றார். கெட்ட பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புது ஒயர், புது லக், பாடியை உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்கி, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ். வலது பக்கமும் அப்படியே. இதற்கு ஆன செலவு நூறு ரூபாய்கூட இல்லை. எர்த் பக்க இழப்பு 0.1-க்கு வந்துவிட்டது.

பாசிட்டிவ் பக்கம் அவ்வளவு எளிதில்லை, ஏனென்றால் அங்கே ஏதும் "கெட்டு"ப் போகவில்லை. பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பெட்டி, அங்கிருந்து ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் சுவிட்ச், திரும்ப முன்னால் பல்பு என்று ஆறேழு மீட்டர் மெல்லிய ஒயரில், இரண்டு பல்புக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் ஓடுகிறது. சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன முள் பதினேழு வருஷமாக அந்தப் பத்து ஆம்பியரையும் தாங்கியிருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டிய பிறகு தண்டின் மூடியைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் என்று அப்பா பல நாள் சொல்லியிருக்கிறார். அந்த வெதுவெதுப்பு, சாலையில் விழ வேண்டிய வெளிச்சம்தான்.

தீர்வு ரிலே. சின்னக் கரண்ட் தூண்டினால் பெரிய கரண்ட்டை இணைத்துவிடும் சுவிட்ச் அது, ஒவ்வொரு காலுக்கும் ஒரு எண் இருக்கும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து நேராக 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃப்யூஸ், அங்கிருந்து ரிலேயின் 30-ஆம் கால். 87-ஆம் காலிலிருந்து புது செராமிக் ஹோல்டருக்கு. வண்டியின் பழைய பிளக் இனி பல்பை எரிப்பதில்லை. 86-ஆம் காலுக்குப் போய் ரிலேயைத் தூண்டும் வேலை மட்டும் செய்கிறது, 85 எர்த்துக்கு. டிம்முக்கு ஒரு ரிலே, பிரைட்டுக்கு ஒரு ரிலே, இரண்டுக்கும் தனித்தனி ஃப்யூஸ். ஒரு ஃப்யூஸ் போனாலும் நடுரோட்டில் முழு இருட்டு ஆகிவிடக் கூடாது. சுவிட்ச் வழியாக இப்போது ஓடுவது ரிலே சுருளுக்கு வேண்டிய கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்.

இதில் மூன்று விஷயம் அனுபவத்தில் கற்றது. ஐந்து கால் ரிலே வாங்கினால் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். அது லைட் அணைந்திருக்கும்போது இணைப்பில் இருக்கும் கால், காலியாக விட வேண்டும். அவசரத்தில் அதில் மாட்டிவிட்டு, சாவியை எடுத்த பிறகும் லைட் எரிவதைப் பார்த்துக் குழம்பினேன். ரிலேயைக் கால்கள் கீழே பார்க்க நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே தங்கும். மூன்றாவது முக்கியமானது. சில ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் பிளக்கின் பொதுக் கால் எர்த்தாக இருக்காது, பாசிட்டிவாக இருக்கும், சுவிட்ச் எர்த் பக்கத்தை இணைக்கும். அந்த வண்டியில் கடையில் விற்கும் ரெடிமேட் ரிலே கிட்டை அப்படியே மாட்டினால் ஓடாது. மாட்டும் முன் மீட்டரை வைத்து எது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து அளந்தால் இரண்டு பல்பிலும் 13.7. அன்றிரவு மச்சான் மறுபடியும் நடந்தான். 31 மீட்டர் 40 ஆனது. பல்பு அதே பழைய பல்பு.

அப்புறம் முகப்பு. பாலிகார்பனேட்டின் மேல் தொழிற்சாலையில் ஒரு கெட்டியான பூச்சு போட்டிருப்பார்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் முதலில் அந்தப் பூச்சைத் தின்னும், அப்புறம் பிளாஸ்டிக்கை மஞ்சளாக்கும். அந்த மஞ்சள் படலம் வெளிச்சத்தைக் குறைப்பதோடு நிற்பதில்லை. ஒளியைக் கண்டபடி சிதறவும் விடுகிறது, சாலையில் விழ வேண்டியது மேலே எழும்பி எதிரே வருகிறவர் கண்ணில் விழுகிறது. அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2018-ல் இதைச் சோதித்தது. பத்துப் பதினோரு வருஷம் ஆன, மங்கிய முகப்புள்ள விளக்கு டிம்மில் புதிய விளக்கின் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சமே தந்தது, தேய்த்து மெருகேற்றினால் ஏறக்குறைய 70 சதவீதம் திரும்பியது, விளக்கையே மாற்றினால் இன்னும் கூடுதல். எங்கள் வண்டியில் அவ்வளவு மோசமில்லை, ஆனால் மேல் பாதி முழுக்கப் பழைய பல்லின் நிறத்தில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் நானும் உட்கார்ந்தோம். சுற்றிலும் பெயின்ட்டின் மேல் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப். ஒரு வாளித் தண்ணீர், அதில் ஊறிய 1000 நம்பர் வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள். பிடித்துத் தேய்க்க ஆரம்பித்ததும் முகப்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்தது, மஞ்சள் அரைத்த அம்மியைக் கழுவினால் வருமே, அந்த நிறம். அப்பா கை வலிக்கிறது என்று நிறுத்தப் போனார். மஞ்சள் வருகிறவரை பழைய பூச்சு இன்னும் போகவில்லை என்று அர்த்தம், வழியும் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக மாறும்வரை 1000-ஐ விடக் கூடாது என்று சொன்னேன். இருபது நிமிஷம் ஆனது. அந்தக் கட்டத்தில் முகப்பு முழுக்க வெளுத்துப் பனி படர்ந்த மாதிரி இருக்கும், கெடுத்துவிட்டோமோ என்று பயமாக இருக்கும். பயப்பட வேண்டாம். 1500, 2000, 3000 என்று ஒவ்வொரு நம்பராக, ஒரு முறை குறுக்காக, அடுத்த முறை நெடுக்காகத் தேய்த்தால் முந்தைய பேப்பரின் கீறல் போய்விட்டதா என்பது கண்ணுக்குத் தெரியும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட், பஞ்சுத் துணி. உள்ளே பல்பின் கருப்பு மூக்கு தெரிந்ததும் அப்பா, "இதுக்குள்ள இவ்வளவு இருக்கா" என்று குனிந்து பார்த்தார்.

இதோடு நிறுத்தினால் ஐந்தாறு மாதத்தில் மறுபடி மஞ்சள், ஏனென்றால் காப்புப் பூச்சு இப்போது இல்லவே இல்லை. டூத் பேஸ்ட் வைத்தியத்தின் ஆயுள் குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணம். பெயின்டர் ஒருவரிடம் கொண்டுபோய், புற ஊதாவைத் தடுக்கும் டூ-கே கிளியர் (இரண்டு திரவத்தைக் கலந்து அடிக்கும் நிறமில்லாத பூச்சு) இரண்டு கை அடித்தோம். அது மூச்சுக்குக் கெடுதி, சரியான மாஸ்க் இல்லாமல் வீட்டு வாசலில் அடிக்காதீர்கள். அடிக்கும் முன் பெட்ரோலாலோ தின்னராலோ துடைக்காதீர்கள், பாலிகார்பனேட்டில் மெல்லிய வெடிப்பு விழுந்துவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதும்.

முகப்பு தெளிந்த பிறகுதான் வேறொரு குறை தெரிந்தது. வலது விளக்கின் உள்ளே, பல்பின் ஒளியை முன்னால் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரில், பல்புக்கு நேர் மேலே, நாலணா அளவுக்கு ஒரு பழுப்புத் தழும்பு. 2019-ன் 100/90 பல்பு விட்டுப்போன நினைவு. ரிஃப்ளெக்டர் என்பது பிளாஸ்டிக்கின் மேல் ஆவியாகப் படியவைத்த மிக மெல்லிய அலுமினியம், துணியால் துடைத்தால் அதுவும் கையோடு வந்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை. அந்த இடம் ஏன் முக்கியம் என்றால், ஹெச்-4 பல்பில் டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கிறது. இழையின் ஒளி கீழே போகாமல் அது தடுக்கிறது, ஆகவே டிம்மில் ரிஃப்ளெக்டரின் மேல் பாதி மட்டும்தான் வேலை செய்கிறது. தழும்பு விழுந்தது சரியாக அந்தப் பாதியில். வலது விளக்கை முழுசாக மாற்றினோம், 2,600 ரூபாய்.

எல்இடி ஏன் ஏமாற்றியது என்பதும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும், மெல்லிய ஒரு இழை இந்த இடத்தில், இந்த நீளத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு வார்த்தது. அந்த இடத்தில் பட்டையான சிப்புகளை இரண்டு பக்கமும் ஒட்டிய ஒரு தண்டை நுழைத்தால், ஒளி நிறைய வரும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. கிட்டத்தில் கொட்டும், மேலே சிதறும். கிட்டத்தில் பளீரென்று இருந்தால் நம் கண்மணி சுருங்கி, தூரம் இன்னும் இருட்டாகத் தெரியும். எல்இடிக்கென்றே வடிவமைத்த விளக்கு அருமையானது. ஹாலஜன் விளக்குக்குள் எல்இடி பல்பு என்பதைத்தான் நான் வேண்டாம் என்கிறேன்.

பல்பு சாதாரண 60/55, ஜோடி 450 ரூபாய். நீலம் பூசிய "வெள்ளை" பல்புகளைத் தவிர்த்தோம், அந்த நீலப் பூச்சு ஒளியில் ஒரு பங்கை விழுங்கித்தான் வெள்ளை நிறம் தருகிறது. மாட்டும்போது பல்பின் கண்ணாடியைக் கையால் தொடவில்லை, விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறி பல்பு சீக்கிரம் போகும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 13.7 வோல்ட்டில் பல்பின் ஆயுள், விதிப்படியான 13.2-ல் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்காவது குறையும். நாங்கள் அதற்குச் சம்மதித்தே செய்தோம். டேஷ்போர்டில் ஒரு ஸ்பேர் பல்பு எப்போதும் இருக்கிறது.

கடைசியாக விளக்கின் குறி. இதைப் பலரும் கடைசியில்கூடச் செய்வதில்லை, ஆனால் எனக்கு மிகவும் திருப்தி தந்த வேலை இதுதான். அரிசி ஆலையின் நெல் காயப்போடும் களம் சமதளமான சிமென்ட் தரை, ஓரத்தில் வெள்ளைச் சுவர். டயரில் சரியான காற்று, அப்பா சீட்டில், பின்னால் சாமான் எதுவும் இல்லை. சுவரிலிருந்து பத்து மீட்டரில் வண்டி. விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து 66 சென்டிமீட்டர். டிம்மின் மேல் விளிம்பு ஒரு சதவீதமாவது சரிய வேண்டும், அதாவது பத்து மீட்டரில் 10 சென்டிமீட்டர். சுவரில் 56-ல் சாக்பீஸ் கோடு போட்டோம். லைட் போட்டுப் பார்த்தால் இடது விளக்கு 30 சென்டிமீட்டரில் தரையை நோண்டிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்திலோ பம்பர் வேலை செய்தபோது இறங்கியிருக்க வேண்டும். அந்தச் சரிவில் ஒளியின் விளிம்பு பதினெட்டு மீட்டரிலேயே தரையைத் தொட்டுவிடும். எவ்வளவு பெரிய பல்பு போட்டிருந்தாலும் அதற்கு அப்பால் எட்டியிருக்காது! பின்பக்கத் திருகை நாலு சுற்று சுற்றியதும் விளிம்பு மெல்ல மேலேறி கோட்டில் வந்து உட்கார்ந்தது. நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுவதால், விளிம்பு நடுவிலிருந்து இடது ஓரத்துக்கு மேல்நோக்கிச் சரிந்து ஏற வேண்டும். நடந்து போகிறவரைக் காட்டும் ஒளி அந்த ஏற்றம்தான். புது விளக்கு வாங்கும்போது ஏற்றம் இடது பக்கம்தானா என்று பார்த்து வாங்குங்கள்.

எதிரே வருகிறவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 106-ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழே சரிந்திருக்க வேண்டும் என்கிறது. மச்சானை அந்த இடத்தில் நிறுத்தி, குனியச் சொல்லிப் பார்த்தோம். கூசவில்லை என்றான்.

அன்றிரவு கடைசிச் சோதனை, 58 மீட்டர். அப்பா "தெரியுது" என்று சொல்லிவிட்டு நம்பாமல் இன்னொரு முறை நடக்கச் சொன்னார். மறுபடி 57. அந்தத் தூரத்துக்குள் 68 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நிறுத்தலாம். மொத்தச் செலவு ரிலே, ஹோல்டர், ஒயர், ஃப்யூஸ் 1,100, எலக்ட்ரீஷியன் கூலி 600, முகப்பு வேலை 1,400, பல்பு 450, வலது விளக்கு 2,600, ஆக 6,150 ரூபாய்.

2025 தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் மறுபடி அளந்தேன். வலதில் 13.7, இடதில் 13.6. கிளியர் பூச்சில் மஞ்சள் இல்லை, கல் பட்ட புள்ளிகள் மட்டும் இரண்டு. அந்த வாரம் அப்பாவே திண்டுக்கல் வரை இரவில் ஓட்டிப் போய்வந்தார். ஐம்பதுக்கு மேல் போகவில்லை, பாதயாத்திரைக் கூட்டத்தைக் கண்ட இடத்திலெல்லாம் நாற்பதுக்கு இறங்கினார் என்று அம்மா சொன்னாள். வந்து இறங்கியதும் அவர் சொன்னது வேறு. எதிர் லைட் விழும்போது முன் கண்ணாடி உள்பக்கம் புகை படிந்த மாதிரி மினுக்குகிறதாம், வைப்பரும் கோடு விடுகிறதாம். காலையில் பார்த்தேன், சரிதான். ஈர நியூஸ் பேப்பரால் உள்பக்கம் முழுக்கத் துடைத்தபோது பேப்பர் கருப்பாக வந்தது. வைப்பர் பிளேடுக்குக் கடையில் சொல்லியிருக்கிறேன்.